முகம் தெரிந்த வகுப்பு

பிரிக்ஃபீல்ட்ஸில் குடியிருந்த புனிதவதி, கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் இருபத்திரண்டு வருடமாகத் தாவரவியல் கற்பித்துவந்தார். ஓர் இலையின் உள்ளமைப்பைக் கரும்பலகையில் வண்ணச் சாக்பீஸால் நான்கே நிமிடத்தில் வரைந்துவிடுவார். 1993-இல் துறைக்குக் கணினி வந்தது. இனி எல்லாப் பாடமும் திரையில்தான் என்று சுற்றறிக்கையும் கூடவே வந்தது.

புனிதவதி சளைக்கவில்லை. விடுமுறை முழுக்க உட்கார்ந்து நாற்பது படங்கள் தயாரித்தார். ஆனால் வகுப்பில் அந்தக் கருவி அவரைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. ஓவர்ஹெட் புரொஜெக்டரின் மேல், கணினியோடு இணைத்த ஒரு கண்ணாடித் தட்டை வைக்கவேண்டும். படம் மங்கலாகத்தான் விழும்; அதனால் விளக்குகளையெல்லாம் அணைக்கவேண்டும். அரை மணி நேரத்தில் தட்டு சூடேறிப் படம் கறுத்துப்போகும். ஒரு நாள் படங்களைப் பதிந்த பிளாப்பி வட்டு திறக்காது. இன்னொரு நாள் இலையெல்லாம் ஊதா நிறத்தில் தெரியும். சாலாக் செலாத்தானிலிருந்து வேலைக்கு வரும் தொழில்நுட்ப உதவியாளர் கிரிகரி, மேசை விசிறியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து தட்டுக்குக் காற்று காட்டுவார்.

ஆகஸ்டில் ஒரு திங்கட்கிழமை, பாடம் தொடங்கிய பத்தாவது நிமிடமே தட்டு அணைந்துவிட்டது. விசிறிக்கும் மசியவில்லை.

"ரோசாக் லா, டாக்டர், கெட்டுப்போச்சு. இன்னிக்கு இது வேலை செய்யாது," என்றார் கிரிகரி.

புனிதவதிக்கு அழுகையே வந்துவிட்டது. விளக்குகளைப் போடச் சொல்லிவிட்டு, சாக்பீஸோடு பாடத்தை நடத்தி முடித்தார்.

எல்லாரும் போனபின் ஜோசஃபின் அவரிடம் வந்தார். வகுப்பிலேயே மூத்தவர், முப்பது வயது. கிள்ளானில் ஓர் ஆலையில் எட்டு வருடம் வேலை பார்த்துவிட்டுப் படிக்க வந்தவர். முதல் வரிசையில் உட்கார்ந்தும் வாரச் சோதனைகளில் தோற்றுக்கொண்டே இருந்தார்.

"மேடம், இன்னிக்குத்தான் பாடம் முழுசா புரிஞ்சுது."

"படமே இல்லாமலா?"

"ஆலை சத்தத்துல எனக்குக் காது பாதி போச்சு, மேடம். உங்க வாயைப் பாத்துத்தான் புரிஞ்சுக்குவேன். லைட்டை ஆஃப் பண்ணிட்டா உங்க முகமே தெரியல."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே, ஜோசஃபின்?"

"எல்லாருக்கும் புது மெஷின் பிடிச்சிருக்கு. நான் ஒருத்தி எப்படி கம்ப்ளேன் பண்றது?"

தட்டோடு மல்லுக்கட்டிய இத்தனை வாரத்தில், எதிரில் இருந்தவரைக் கவனிக்கவில்லையே என்று புனிதவதி வெட்கப்பட்டார். நேரே கிரிகரியின் அறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னார்.

"அவ்வளவுதானே, டாக்டர்? நீங்க நிக்கிற இடத்து லைட்டுக்கு மட்டும் தனி சுவிட்ச் போட்டுடறேன்."

துறைத்தலைவரிடம் அனுமதி வாங்கி, சனிக்கிழமையே ஏணி போட்டு ஏறினார் கிரிகரி. வெளிச்சம் திரைப்பக்கம் சிந்தாமலிருக்க அட்டையில் ஒரு மறைப்பும் செய்தார். புனிதவதி அந்த விளக்கடியை விட்டு நகராமல், திரைப்பக்கம் திரும்பாமல் பேசப் பழகிக்கொண்டார்.

கருவி அதன்பின்னும் இரண்டு வருடம் எல்லாரையும் படுத்தித்தான் ஓய்ந்தது. ஜோசஃபின் பட்டம் பெற்று, டெங்கிலில் ஒரு நாற்றுப்பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தார்.

1998-இல் பங்சார் உணவகம் ஒன்றில் ஓய்வுபெறும் புனிதவதிக்குப் பிரிவுபசார விருந்து. பேச எழுந்தவர், பேராசிரியர்களுக்கு நன்றி சொல்லுமுன்பே இரண்டு பேரின் பெயரைச் சொன்னார்.

"ஜோசஃபின் தைரியமா உண்மையைச் சொன்னாங்க. கிரிகரி அந்த வாரமே ஏணி போட்டு ஏறினாரு. இவங்க ரெண்டு பேராலதான் கடைசி அஞ்சு வருஷம் நான் நல்ல வாத்தியாரா இருந்தேன். ரொம்ப நன்றி."

கடைசி மேசையில் கிரிகரி கூச்சத்தில் தலையைக் குனிந்துகொண்டார். பக்கத்தில் இருந்த ஜோசஃபின்தான் அவரைக் கையைப் பிடித்து எழுப்பி நிறுத்தினார்.