பீரோ பங்கஜம்

என் பெரியக்கா நிர்மலாதேவிக்கு ஐம்பத்து நான்கு வயது. கல்யாணம் ஆகவில்லை. நெல்லித்தோப்பில் எங்களோடுதான் இருக்கிறாள். தட்டாஞ்சாவடியில் சுவிட்ச் பெட்டி செய்கிற கம்பெனியில் இருபத்தாறு வருடமாக பேக்கிங் வேலை. அதற்கு முன்னால் ஒரு பிஸ்கட் கம்பெனியில் வேலை கேட்டுப் போனாள். அவள் விரல்களைப் பார்த்துவிட்டு, ஆள் எடுத்தாகிவிட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பதினான்கு வயதில் உதட்டோரம் தொடங்கிய வெண்புள்ளி இருபதுக்குள் கை முழுக்கப் பரவியிருந்தது. தொற்றாது என்று டாக்டர் சொன்னார். ஊர் காதில் அது ஏறவில்லை.

வீட்டில் அவளுக்கு இன்னொரு பெயர் உண்டு. பீரோ பங்கஜம். வைத்த புண்ணியவான் நான்தான்.

எங்கள் பக்கத்து வீடு சொல்தா வீடு. பெரியவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். அவர் மகன் பாரீசிலிருந்து டிவியும் டெக்கும் கொண்டுவந்து வைத்திருந்தான். அது பிரெஞ்சு முறை டிவி என்பதால் நம்மூர் கேசட் அதில் கறுப்பு வெள்ளையாகத்தான் தெரியும். அதைப் பற்றி யாருக்குக் கவலை? அங்கே ஒரு குடும்பச் சிரிப்புப் படத்தை முப்பது தடவையாவது பார்த்திருப்போம். தங்கையைப் பெண் பார்க்க வருகிறார்கள். மாறுகண் உள்ள அக்கா பங்கஜத்தைப் பீரோவுக்குள் போட்டுப் பூட்டிவிடுகிறார்கள். யாரும் கேட்காமலேயே அப்பாக்காரர், "அந்தப் பீரோவுல ஒண்ணும் இல்லைங்க" என்கிறார். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதைதான். உள்ளே பங்கஜம் தும்முகிறாள், பீரோ ஆடுகிறது. சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலிக்கும். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பவள் அக்காதான்.

சின்னக்கா ஹேமலதாவைப் பெண் பார்க்க வந்தபோது எனக்குப் பதினாறு வயது. பெரியவள் கண்ணில் பட்டால் காரியம் கெட்டுவிடும் என்று அப்பா அவளைப் பின்னறையில் இருக்கச் சொன்னார். வெளியே பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்தார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். கதவைத் தட்டி, "பங்கஜம், தும்மிடாத" என்றேன். உள்ளேயிருந்து சிரிப்பு கேட்டது. அந்தப் பெயர் அன்றைக்கு ஒட்டியதுதான்.

வந்தவர்கள் பூ வைத்துவிட்டுப் போனார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு முத்தியால்பேட்டை மாமாவுக்குச் சேதி சொல்லப் போய்விட்டேன். சாவி என் சட்டைப் பையில். அம்மா பூட்டை உடைக்கச் சொன்னாளாம். அவர்கள் இன்னும் தெருவில்தான் நிற்பார்கள், சத்தம் வேண்டாம் என்று அக்காவே உள்ளேயிருந்து தடுத்துவிட்டாளாம். இரண்டு மணி நேரம் கழித்து நான் வந்து திறந்தபோது சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். தூங்கிவிட்டேன் என்றாள். அன்று சாயங்காலம் ஒரு பழைய பாவாடையை மட்டும் தனியாகத் துவைத்துக் காயப்போட்டாள். பின்னறைத் தரையைக் கழுவிவிட்டாள். அந்த அறையில் கக்கூஸ் கிடையாது என்பது முப்பது வருடமாக எனக்கு உறைக்கவேயில்லை.

உறைத்தது போன வாரம். என் மகள் இனியாவைப் பெண் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தது. நானும் என் மனைவி கமலாவும் வேலைக்குப் போக, இனியாவைத் தூக்கி வளர்த்தவள் அக்காதான். வியாழக்கிழமை நான் அவளிடம் சுற்றி வளைத்துப் பேசினேன். ஹேமாவைப் பார்த்து நாளாகிறதே, ஞாயிற்றுக்கிழமை வில்லியனூருக்கு ஒரு நடை போய்விட்டு வாயேன் என்றேன். சரிடா என்றாள்.

சனிக்கிழமை மத்தியானம் இனியா படபடப்பாக இருந்தாள். அவளைச் சிரிக்க வைக்கலாம் என்று அந்தப் பழைய படத்தை டிவியில் தேடிப் போட்டேன். முழுக் கலர். அந்தப் பீரோ பச்சை நிறம் என்பதே எனக்கு இந்த வயதில்தான் தெரிந்தது. பீரோ காட்சி வந்தது. நான் முன்கூட்டியே சிரிக்கத் தயாரானேன். நடுவில் ஒரு தடவை பீரோவின் உட்புறத்தைக் காட்டுகிறார்கள். பங்கஜம் இரண்டு கையாலும் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வழிய நிற்கிறாள். சின்ன வயதில் நாங்கள் அதிகம் சிரித்த இடம் அதுதான். எனக்கு அந்தப் பழைய பாவாடை ஞாபகம் வந்தது.

இனியா சிரிக்கவேயில்லை. "அந்த அக்கா கடைசில என்னப்பா ஆவாங்க?" என்று கேட்டாள்.

முப்பது தடவை பார்த்த எனக்குத் தெரியவில்லை. ஓட்டிப் பார்த்தேன். அதற்குப் பிறகு அவள் ஒரே ஒரு தடவை காபித் தட்டோடு வந்து போகிறாள். கடைசியில் கல்யாண போட்டோவில் சமையல்காரன்கூட நிற்கிறான், அவள் இல்லை.

இனியா என்னையே பார்த்தாள். "அத்தை நாளைக்கு எதுக்குப்பா வில்லியனூர் போறாங்க?"

டிவியை அணைத்துவிட்டு எழுந்தேன். உள்ளே அக்கா, இனியாவின் புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு நீ எங்கயும் போவ வேணாம்க்கா. கூடத்துலயே எங்ககூட உக்காரு."

அவள் நிமிரவில்லை. "நான் உக்காந்து, அவுங்க வேணான்னுட்டா? அப்பறம் இனியா மூஞ்சிய நான் எப்பிடிடா பாப்பேன்?"

இதை நான் யோசிக்கவே இல்லை. என் பாரத்தை இறக்கிவைக்கப் போய், அதையும் அவள் தலையிலேயே வைக்கப் பார்த்திருக்கிறேன். அந்தப் படத்துக்கு அப்போது நீயும்தானே சிரித்தாய் என்று கேட்டுவைத்தேன்.

"நான் சிரிக்கலன்னா எல்லாரும் படத்த வுட்டுட்டு என்னையில்ல பாப்பீங்க."

பின்னறையைப் பற்றி நான் கேட்கவில்லை. அவள் புடவையை மடித்து என் கையில் கொடுத்து, கசங்காமல் வைக்கச் சொன்னாள்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கே பஸ் ஏறிவிட்டாள். பதினோரு மணிக்கு அவர்கள் வந்தார்கள். நல்ல மாதிரியான மனிதர்கள். இனியாவைப் பிடித்துவிட்டது. பேச்சுவாக்கில் பையனின் அம்மா, எனக்குக் கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். இனியா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரே அக்காதாங்க. வில்லியனூர்ல குடுத்திருக்கு" என்றேன்.

இனியா தலையைக் குனிந்துகொண்டாள். பெரியக்கா வில்லியனூருக்குத்தான் போயிருந்தாள். அவள் பிறக்கவே இல்லை என்று சொல்லும்படி என்னை யாரும் கேட்கவில்லை.