மதினி எழுதிக் கொடுத்த கடிதம்

சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். பொங்கல் தாண்டினால் காலண்டர் சீசன் முடிந்து மிஷின்கள் சும்மா கிடக்கும். இரண்டாயிரத்து நான்கோ ஐந்தோ, அப்படியொரு மாதத்தில் முதலாளி, "வெட்டுனது போக மிஞ்சுன பேப்பர் கெடக்கு, உன் கதையை அடிச்சுக்கோ" என்றார். என் கதை ஒரு மர்ம நாவல். துப்பறிகிறவர் ஓய்வுபெற்ற பேங்க் அதிகாரி. கையெழுத்தைப் பார்த்தே ஆளின் குணத்தைப் புட்டுப் புட்டு வைப்பார். மதுரையில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய கையெழுத்து சாஸ்திரம் ஒன்றுதான் அவருடைய ஞானமும் என்னுடைய ஞானமும்.

கொலைகாரனின் கடிதத்தைக் கையெழுத்தாகவே அச்சிட எனக்கு ஆசை. இடப்பக்கம் சாய்ந்த, கோணல்மாணலான எழுத்து வேண்டும். அது வீட்டிலேயே இருந்தது. அண்ணன் மனைவி, என் மதினி, பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து தீப்பற்றியபோது வலது கை வெந்து விரல்கள் ஒட்டிப்போனவர். மகளின் இரட்டைக் கோடு நோட்டில் ஒரு வருடம் உட்கார்ந்து இடது கையால் எழுதப் பழகியிருந்தார்.

"கதையிலே ஒரு கடுதாசி வருது மதினி. நாலு வரி எழுதித் தாங்க" என்றேன். யாருடைய கடிதம் என்று சொல்லவில்லை.

"என் எழுத்தா? அச்சுலே ஏறுமா தம்பி?" என்று கேட்டார். மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு நாலாவதைக் கொடுத்தார். சாயங்காலம் ஆறு மணிக்கு விருதுநகர் ரயிலடிக்குத் தனியாக வரவும் என்பதுதான் விஷயம். யார் எழுதியது என்பது கதையில் வெகுநேரம் தெரியாது.

பிறகு என் துப்பறிவாளர் அந்தக் கடிதத்தைக் கையில் எடுத்துச் சொல்வார்: "இந்தக் கோணல் கையில் இல்லை, மனசில் இருக்கிறது. ஈவிரக்கமில்லாத கொலைகாரனின் எழுத்து இது." எழுதியபோது என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வழியில்லை. மூன்றாவது புரூஃபில் அந்த வரியில் என் பேனா நின்றது. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட மதினி எங்கே நூறு பக்கம் படிக்கப்போகிறார் என்று நினைத்து அடுத்த பக்கத்துக்குப் போனேன். அப்படி நினைத்தவனை இன்றும் எனக்குப் பிடிக்கவில்லை.

புத்தகம் வந்ததும் மதினி கடிதம் இருந்த பக்கத்தைத் தெரு முழுக்கக் காட்டினார். "நான் எழுதுனது, பாத்தீகளா?" இருக்கன்குடி கோயிலுக்குப் போனபோதும் பையில் கொண்டுபோனார். பிறகு முதல் பக்கத்திலிருந்து, விரல் வைத்து, எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்தார்.

"இருவத்தெட்டாம் பக்கம் வந்துட்டேன் தம்பி. அந்தப் பெரியவரு எம்புட்டுக் கெட்டிக்காரரு. எழுத்தைப் பாத்தே ஆளைச் சொல்லிப்புடுறாரே."

பெரியவர் தீர்ப்பு சொல்வது அறுபத்து மூன்றாம் பக்கத்தில். தினமும் சாயங்காலம் மதினி பக்க எண் சொல்வார். எந்த நாளிலும் மதினியை உட்கார வைத்து விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். "மெதுவாப் படிங்க மதினி, என்ன அவசரம்" என்று மட்டும் சொன்னேன்.

ஒரு நாள் பக்க எண் வரவில்லை. மதினி சோறு போட்டு ரசம் ஊற்றினார்.

"மதினி, அது சும்மா கதைக்காக..." என்று ஆரம்பித்தேன்.

"கை வெந்ததுனாலேதான் சாயுதுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன் தம்பி."

"கையினாலேதான் மதினி."

"அப்போ ஏன் தம்பி அப்படி எழுதுனீக?"

கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். ரசச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

அடுத்த மாதம் அண்ணன் மகள் ராங்க் கார்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். அண்ணன் லாரியில் லோடு ஏற்றி வடக்கே போயிருந்தார். அவர் இல்லாதபோது கையெழுத்துப் போடுவது மதினிதான்.

"சித்தப்பா, உங்களைப் போடச் சொன்னாக அம்மா."

அடுப்படியில் மதினி இருந்தார். நாங்கள் பேசுவது கேட்கும். அம்மாவையே போடச் சொல் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.