ஷீராஸுக்குப் போகாத ரத்த ஃபில்டர்

1. பணம் வந்து நின்றது

வங்கியிலிருந்து மகாதேவன் போன் செய்தபோது நான் பேக்கிங் ஹாலில் நின்று, ஈரானுக்குப் போகிற பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தைப் பொங்கல் கழிந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன.

"மேடம், ஷீராஸ் பார்ட்டியோட பணம் வந்துடுத்து. ஆனா உங்க கணக்குல ஏறலை. எங்க மும்பை ஆபீஸ்ல ஹோல்டு போட்டிருக்கா."

"எதுக்கு சார்?"

"ஈரான்ங்கறதுனால. வேற ஒண்ணுமில்லை. கொஞ்சம் வெயிட் பண்ணுங்கோ."

இந்த 'கொஞ்சம் வெயிட் பண்ணுங்கோ' என்ற வார்த்தையை இன்றைக்கு யார் சொன்னாலும் எனக்குக் கோபம் வரும்.

என் பேர் சிவகாமி. திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் வளர்ந்த நாஞ்சில் நாட்டுக்காரி. அதே ஊரில் மருத்துவமனைச் சாமான் செய்கிற ஒரு கம்பெனியில் எக்ஸ்போர்ட் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றேன். புதிதாக அந்த டிபார்ட்மெண்டில் சேரும் பிள்ளைகளுக்காக என் அனுபவத்தை எழுதித் தரச் சொன்னார்கள். ஷிப்பிங் பில் போடுவது எப்படி என்று எழுதுவேன் என நினைத்திருப்பார்கள். அதைக் கம்ப்யூட்டரே சொல்லிக் கொடுக்கும். நான் ஆறாத கோபம் ஒன்றை எழுதுகிறேன்.

முதலில் சரக்கு என்னவென்று சொல்லிவிடுகிறேன். தலசீமியா என்று ஒரு ரத்த நோய். அது வந்த குழந்தைக்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும், ஆயுசுக்கும். ஏற்றுகிற ரத்தத்தில் உள்ள வெள்ளணுக்களை ஒரு ஃபில்டர் வைத்துத் தடுக்காவிட்டால் பல குழந்தைகளுக்குக் குளிரும் காய்ச்சலும் வந்துவிடும். அந்த ஃபில்டரைத்தான் நாங்கள் செய்தோம். ஈரானில் ஷீராஸ் நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் மருந்தகப் பொறுப்பில் இருந்த பர்வானே என்ற பெண் எங்களிடம் ஆர்டர் கொடுத்தாள். அவர்களுக்கு வழக்கமாகக் கொடுத்து வந்த ஐரோப்பியக் கம்பெனி, தடை வந்ததும் கதவைச் சாத்திவிட்டது.

ஈரான் அணுகுண்டு செய்கிறது என்று சந்தேகம். அதனால் பெரிய நாடுகள் தடை போட்டன, பேசின, ஒப்பந்தம் செய்தன, ஒப்பந்தத்தை முறித்தன, திரும்பவும் தடையை இறுக்கின. குண்டு செய்கிறார்களா இல்லையா, எனக்குத் தெரியாது. செய்தால் தடுக்கத்தான் வேண்டும். மருந்துக்கும் மருத்துவச் சாமானுக்கும் தடை இல்லை என்று தடை போட்டவர்களே எழுதி வைத்திருந்தார்கள். அதை நம்பித்தான் நாங்கள் ஆர்டரை எடுத்தோம்.

2. மூணுல ரெண்டு

எங்கள் தொழிலில் ஒரு கணக்கு உண்டு. ஸ்டெரிலைஸ் செய்த நாளிலிருந்து ஃபில்டருக்கு ஆயுள் இரண்டு வருடம். ஆனால் வாங்குகிற நாட்டின் சுகாதாரத் துறை, சரக்கு வந்து இறங்கும்போது மூன்றில் இரண்டு பங்கு ஆயுள் பாக்கி இருக்க வேண்டும் என்று கேட்கும். ஃபேக்டரியில் இதை 'மூணுல ரெண்டு' என்போம். அதாவது எங்கள் கையில் இருப்பது எட்டு மாதம். அதற்குள் கப்பல் அங்கே போய்ச் சேர வேண்டும். தாண்டினால் சரக்கு நல்ல சரக்குதான், ஆனாலும் அந்த நாட்டுக்குள் நுழையாது.

ஷீராஸ் சரக்கு ஸ்டெரிலைஸ் ஆகி, பெட்டிகளில் பாரசீக எழுத்தில் லேபிளும் ஒட்டியாகிவிட்டது. வங்கி 'கிளியர்' என்று சொன்னால் மறுநாளே கொச்சிக்கு லாரி கிளம்பும்.

மாசியில் ஆற்றுக்கால் பொங்கல் வந்தது. ஊர்ப் பெண்கள் தெருவெல்லாம் பொங்கலிட, ஃபேக்டரி வாசல் முழுக்க அடுப்புக் கல். வங்கியிலிருந்து ஒரு கேள்வி வந்தது: இந்தப் பொருளை வாங்குகிறவர் வேறு எதற்கும் பயன்படுத்தமாட்டார் என்பதற்கு உறுதி என்ன? மருத்துவமனையிடம் கையெழுத்து வாங்கி அனுப்பினோம். சித்திரையில் விஷு வந்தது. அடுத்த கேள்வி: மருத்துவமனையின் உரிமையாளர் யார்? அதையும் அனுப்பினோம். மழை தொடங்கியது. மூன்றாவது கேள்வியைப் படித்ததும் நான் ஒரு ஃபில்டரை எடுத்து ஹேண்ட்பேகில் போட்டுக்கொண்டு ஆட்டோ பிடித்தேன்.

3. மேஜைமேல் வைத்தேன்

மகாதேவன் ஸ்ரீவராகம் அக்ரகாரத்துக்காரர். நெற்றியில் சந்தனக்கீற்று, மெல்லிய குரல். கெட்ட மனிதர் என்று சொல்ல வாய் வராது. அதுதான் கொடுமை.

ஃபில்டரை அவர் மேஜைமேல் வைத்தேன். உள்ளங்கைக்குள் அடங்குகிற பிளாஸ்டிக் டப்பி, இரண்டு பக்கமும் டியூப்.

"இதுக்க உள்ள யுரேனியத்தை வடிகட்டலாமான்னு உங்க மும்பை ஆபீஸ் கேக்குது சார். நீங்களே பாத்துச் சொல்லுங்க. இத வச்சு குண்டு செய்ய முடியுமா?"

"மேடம், அவா அப்படிக் கேக்கலை. 'ட்யூயல் யூஸ்', அதாவது ஆயுதத்துக்கும் உதவற பொருள் இல்லைன்னு ஒரு டிக்ளரேஷன் கேட்டிருக்கா. அவ்வளவுதான்."

"ரெண்டும் ஒண்ணுதான சார்? மருந்துக்குத் தடை இல்லன்னு சட்டத்துலயே இருக்கு."

"இருக்கு. நான் இல்லைங்கலை."

"அப்ப யாரு வேண்டாம்னு சொல்லுகா?"

"யாருமே வேண்டாம்னு சொல்லலையே. ரிஜெக்ட் பண்ணலை மேடம். ஹோல்டுதான்."

"ஹோல்டு போட்டது யாரு? ஒரு ஆளு பேரு சொல்லுங்க. நான் அந்த ஆள்கிட்ட பேசிக்கிடுகேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது டீம் மேடம். ஒருத்தர்னு சொல்ல முடியாது. எங்க பேங்குக்கு அமெரிக்காவுல அக்கவுண்ட் இருக்கு. நாளைக்கு ஏதாவது வந்தா அமெரிக்காக்காரா பெரிய அபராதம் போட்டுடுவா. அந்தப் பயம். சட்டம் விட்டாலும் பயம் விடாது."

அந்த வார்த்தையில் மட்டும் மனிதர் உண்மை பேசினார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரிக்கு முகமே இல்லை.

என் கணவர் தும்பா பக்கம் ராக்கெட் வேலையில் இருந்தவர். நம் நாடு அணுகுண்டுச் சோதனை செய்தபோது நமக்கும் இதே தடை வந்தது. வெளிநாட்டில் ஆர்டர் செய்த ஒரு வால்வு வராமல் போனதை அவர் சாப்பிடும்போதெல்லாம் சொல்லிச் சொல்லித் திட்டியிருக்கிறார். அப்போது இந்த ஊரே ரோஷப்பட்டது. இன்றைக்கு நாற்காலி மாறியதும் நாமும் அதே முகத்தை வைத்துக்கொண்டு அதே பதிலைச் சொல்கிறோம். அன்றைக்கு வராமல் போனது வால்வு. இது குழந்தைக்கு ஏறுகிற ரத்தம்.

4. கம்பளி

எம்.டி.யிடம் போனேன். பணம் வந்தாயிற்றே, சரக்கை ஏற்றிவிடலாம், வங்கி பிறகு சரிசெய்யட்டும் என்றேன். அவர் மலையாளி, என்னோடு பாதி தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசுவார்.

"வேண்டா சிவகாமி. பேங்க் கிளியரன்ஸ் இல்லாம ஏத்தினா நம்ம பேர் கெட்டுப் போகும். நாளைக்கு வேற நாட்டு ஆர்டரும் நிக்கும். நமக்கு வெயிட் செய்யலாம்."

அவரும் அதையே சொன்னார். கேபின் கதவைச் சாத்தியபோது சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது. வேண்டுமென்றுதான் சாத்தினேன்.

பர்வானே வாரம் தவறாமல் கூப்பிடுவாள். ஆங்கிலத்தில்தான் பேசுவோம். ஒருநாளும் அவள் குரலை உயர்த்தியதில்லை. ஓணம் சமயத்தில் ஒருமுறை கேட்டேன், ஃபில்டர் இல்லாமல் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று.

"இருக்கிற கொஞ்சத்தை ரொம்பச் சின்னக் குழந்தைகளுக்கு வைத்திருக்கிறோம்," என்றாள். "மற்றவர்களுக்கு அப்படியே ஏற்றுகிறோம். இப்போதெல்லாம் அம்மாக்கள் வரும்போதே வீட்டிலிருந்து கம்பளி கொண்டுவந்துவிடுகிறார்கள். ரத்தம் ஏறி முடிவதற்குள் பிள்ளை நடுங்கத் தொடங்கும் என்று அவர்களுக்குத் தெரியும். கம்பளியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள்."

நான் போனை வைத்துவிட்டு ஸ்டோருக்குப் போனேன். அவள் கேட்ட பெட்டிகள் ஏ.சி. அறையில் வரிசையாக அடுக்கியபடியே இருந்தன. அந்த அறையின் குளிரில் நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது. அன்று மும்பைக்கு நான் எழுதிய மெயிலை எம்.டி. பார்த்துவிட்டு, 'பாஷைக்கு சூடு கொஞ்சம் குறைக்கணும்' என்றார். நான் குறைக்கவில்லை.

5. சுண்டலும் கிளியரன்ஸும்

நவராத்திரி வந்தது. வருஷா வருஷம் நாஞ்சில் நாட்டிலிருந்து வருகிற சாமி ஊர்வலம் திருவனந்தபுரம் கோட்டைக்குள் வந்துசேர்ந்து கொலு தொடங்கியிருந்த சமயம். மகாதேவன் நேராக எங்கள் ஆபீசுக்கே வந்துவிட்டார். கையில் எவர்சில்வர் டப்பாவில் கொலுச் சுண்டல், முகமெல்லாம் சிரிப்பு.

"மேடம், கிளியரன்ஸ் வந்துடுத்து. நானே கையோட சொல்லணும்னு வந்தேன். முதல்ல எடுத்துக்கோங்கோ."

நான் டப்பாவைத் தொடவில்லை. "சார், எட்டு மாசம் போன வாரமே முடிஞ்சு போச்சு. பிளேன்ல ஏத்தினாலும் இனி அந்தச் சரக்க அங்க இறக்க விடமாட்டாங்க."

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. "அப்படீன்னா புதுசா பண்ணி அனுப்பிடலாமே."

"உங்க கிளியரன்ஸ் எதுக்குன்னு பாத்தியளா? இந்த இன்வாய்ஸுக்கு மட்டும்தான். புதுச் சரக்குன்னா புது இன்வாய்ஸ். திரும்பவும் முதல் கேள்வியிலருந்து ஆரம்பிப்பாங்க. எம்.டி. ஏற்கெனவே சொல்லிட்டாரு, 'ஒரு தவண மதி'ன்னு. ஒரு தடவ பட்டதே போதுமாம்."

எனக்கு அவரை அப்படியே அனுப்பிவைக்க மனசு வரவில்லை. போனை எடுத்து ஷீராஸுக்குப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். "எங்கிட்ட சொன்னத அவகிட்டயும் சொல்லுங்க சார்," என்றேன்.

மனிதர் வியர்த்துப் போனார். தட்டுத் தடுமாறி ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொன்னார். பிறகு பர்வானே, முயற்சி எடுத்ததற்கு நன்றி என்றாள். உண்மையாகவே நன்றி சொன்னாள், குத்தலாக இல்லை.

"ஒன்றே ஒன்று கேட்கிறேன்," என்றாள். "அம்மாக்கள் கேட்பார்கள், யார் நிறுத்தினார்கள் என்று. நான் என்ன பேர் சொல்லட்டும்?"

மகாதேவன் என்னைப் பார்த்தார். பிறகு போனைப் பார்த்து, "யாரும் நிறுத்தவில்லை மேடம். ஹோல்டில் இருந்தது, அவ்வளவுதான்," என்றார்.

"யாருமே இல்லையா?" என்றாள் அவள்.

எனக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. "பர்வானே, சிவகாமி நிறுத்தினாள் என்று சொல்," என்றேன்.

"நீங்களா? நீங்கள்தானே இவ்வளவு நாளும் சண்டை போட்டீர்கள்?"

"வேறு யாரும் பேர் தரமாட்டேன் என்கிறார்கள். பெற்றவர்கள் யாரையாவது திட்ட வேண்டாமா? என் பேரைச் சொல்."

மகாதேவன் டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். அப்புறம் அவர் எங்கள் ஆபீசுக்கு வரவில்லை. ஷீராஸ் பணத்தைத் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டு, பெட்டிகளின் லேபிளை உரித்து, வேறு லேபிள் ஒட்டி இங்குள்ள மருத்துவமனைகளுக்கே விற்றோம். கம்பெனிக்கு நஷ்டம் இல்லை என்று எம்.டி. மீட்டிங்கில் சந்தோஷமாகச் சொன்னார்.

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளே, நான் கற்றுக்கொண்டது இதுதான். நாளைக்கு உங்கள் மேஜைக்கும் இப்படி ஒரு சரக்கு வரும். முடியாது என்றால் முடியாது என்று அன்றைக்கே சொல்லுங்கள், உங்கள் பேரைச் சொல்லிச் சொல்லுங்கள். கேட்கிறவன் வேறு வழி பார்த்துக்கொள்வான். பேர் சொல்ல உங்களுக்குக் கூச்சமாக இருந்தால், நீங்கள் செய்கிற காரியம் சரியில்லை என்று உங்களுக்கே தெரிந்திருக்கிறது என்று அர்த்தம்.

பர்வானே சொன்னதைச் செய்கிறவள். ஷீராஸில் கம்பளியோடு காத்திருக்கும் தாய்மாருக்கு என் பேர் இன்றைக்குத் தெரிந்திருக்கும். ஹோல்டு போட்டவர் பேர் எனக்கு இன்னும் தெரியாது.