ஊசியோடு இரண்டாவது நர்ஸ் வந்தபோது

மனைவிக்குப் பித்தப்பை அறுவை. சர்க்கரை நோயும் உண்டு. நாகர்கோவிலிலேயே செய்திருக்கலாம். கழக்கூட்டத்தில் ஐ.டி. வேலை பார்க்கும் மச்சினன்தான், "திருவனந்தபுரம் கொண்டு வாங்க அத்தான், நான் பார்த்துக்கிறேன்" என்றான். சென்ற ஆவணியில் நம்பிப் போனோம். ஒரு நாள்கூட அவன் எட்டிப் பார்க்கவில்லை. அதை நான் மறப்பதாக இல்லை.

நாகர்கோவிலிலிருந்து ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர். காலை ரயிலில் இரண்டு மணி நேரம். தம்பானூர் ரயில் நிலையத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். மருத்துவமனைக்கு என்றதும் ஓட்டுநர், "கூட நிக்க நீங்க ஒராளுதானா? பாடுதான் அண்ணாச்சி" என்றார்.

உடன் தங்குபவரை இங்கே பைஸ்டாண்டர் என்கிறார்கள். மருந்து வாங்கவும் பணம் கட்டவும் அவரைத்தான் கீழே விரட்டுவார்கள்.

வார்டில் முப்பது கட்டில், இரண்டு நர்ஸ். அறுவை முடிந்த மாலை ஒருவரை வேறு வார்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மிஞ்சியவர் இன்சுலினை ஊசியில் ஏற்றும்போதே தொலைபேசி அடித்தது. பைஸ்டாண்டர்கள் சூழ்ந்துகொண்டு "சிஸ்டரே, சிஸ்டரே" என்றார்கள். என் மனைவிக்குப் போட்டுவிட்டு, சார்ட்டில் குறிப்பதற்குள் பக்கத்துக் கட்டில்காரர் வாந்தியெடுக்க, அங்கே ஓடினார். அத்துடன் ஷிஃப்ட் மாறியது.

சற்று நேரத்தில் புதிய நர்ஸ் ஊசியோடு வந்தார். மனைவி மயக்கம் தெளியாமல் கிடந்தாள்.

"சிஸ்டர், இன்சுலின் இப்பதானே போட்டாங்க."

"சார்ட்ல இல்லையே அங்கிள்."

"நான் பக்கத்துலதான் நின்னேன்."

"எல்லா பைஸ்டாண்டரும் இதுதான் பறையும். போடலைன்னா டாக்டர் என்னையல்லே திட்டும்?"

சொன்னாலும் அவர் கை நின்றது. இரண்டாம் முறை ஏறினால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கும். மயங்கிக் கிடப்பவள் எழாமலே போகலாம். நான் அப்போது மருந்துக்கடை வரிசையில் நின்றிருந்தால்?

முந்தைய நர்ஸைக் கைபேசியில் அழைத்தார். அவர் பேருந்தில் இருந்தார். மூன்றாம் முறைதான் எடுத்தார். போட்டாயிற்று என்றார். இவர் ஊசியைத் தட்டில் வைத்தார். "எனக்கு இன்னைக்கு டபுள் ட்யூட்டி அங்கிள்" என்றார். அதன் பிறகு மனைவியின் மூச்சு சற்று இழுத்தாலும் நான் எழுந்து நின்றேன்.

வீடு திரும்பும் நாளில் புகார் சொல்லப் போனேன். மேலாளர், "நர்ஸோட பேர் சொல்லணும் சார்" என்றார்.

"பேர் வேண்டாம். ஒரு நர்ஸுக்கு எத்தனை கட்டில்னு எழுதிக்கோங்க."

"அது எழுத இந்த ஃபாரத்துல இடமில்ல சார்."

நோயாளிக்குத் துணையாகப் போகிறவர்கள் இரண்டு பேராகப் போங்கள். நர்ஸ் மருந்து ஏற்றும்போது கூப்பிடாதீர்கள். அறை வாடகை கேட்பதற்கு முன்னால், மாலை ஷிஃப்டில் ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளி என்று விசாரியுங்கள்.

அறுவையின்போது பித்தநாளத்தில் வைத்த குழாயை எடுக்க அடுத்த மாதம் மறுபடி மயக்க மருந்து கொடுப்பார்கள். யார் எதற்குக் கீழே அனுப்பினாலும் அன்று நான் கட்டிலை விட்டு நகரப்போவதில்லை.