நரியைக் கும்பிட்ட பஸ்

காணும் பொங்கலன்று காலை எட்டரை மணிக்குச் சேலம் பஸ் நிலையத்தில் தம்மம்பட்டி பஸ்ஸில் ஏறினோம். ஆளுக்கு இரண்டு ரூபாய் அறுபது காசு டிக்கெட். எண்பது கிலோமீட்டர் இருக்கும் என்றார் கண்டக்டர். நேராகப் போகிற பஸ் இல்லை அது. அயோத்தியாப்பட்டணம் தாண்டியதும் பெரிய ரோட்டை விட்டு இறங்கி, ஊர் ஊராக நலம் விசாரித்துவிட்டு, வாழப்பாடியில் மறுபடி ரோட்டைப் பிடித்து ஆத்தூர் போய், அங்கிருந்து தம்மம்பட்டிக்குத் திரும்பும்.

எங்களுக்கு ஊர் மன்னார்குடி. தம்மம்பட்டியில் இருப்பது என் நாத்தனார். திருச்சி, துறையூர் வழியாக வந்திருந்தால் பொங்கலுக்கே போய்ச் சேர்ந்திருப்போம். திருச்செங்கோட்டு மலையைப் பார்த்துவிட்டுத்தான் போகவேண்டும் என்று என் கணவர் ஒற்றைக் காலில் நின்றார். பார்த்தார். படி முழுவதும் ஏறி இறங்கியதில் மற்றொரு காலும் போய்விட்டது. டிரைவருக்குப் பக்கத்தில், இன்ஜின் மூடிக்கு இந்தப் புறம் இருந்த ஒற்றை ஸீட்டில் உட்கார்ந்தவர் பஸ் கிளம்புவதற்கு முன்பே தூங்கிப்போனார். அதனால் எழுபத்தெட்டாம் வருஷம் அந்த பஸ்ஸில் நடந்ததில் அவருக்குத் தெரிந்தது கடைசி அரை நிமிஷம்தான். மன்னார்குடியில் அவர் சொல்லிக்கொண்டு திரிவதை யாரும் நம்ப வேண்டாம்.

நான் அவருக்குப் பின் ஸீட். டிரைவருக்கு முப்பது வயது இருக்கும், பெயர் செல்லமுத்து. பேச்சில் இருந்த மரியாதையைக் கேட்டு எந்த ஊர் என்றேன்.

"திருச்செங்கோடுங்க அம்மிணி. போர் போடற லாரி ஓட்டிட்டு இருந்தனுங்க. ஆந்திரா, மைசூருன்னு போனா ஊட்டப் பாக்க ஆறு மாசம் ஆகும். பையன் என்னயப் பாத்து யாரோன்னு அழுதானுங்க. அப்பறந்தான் இந்த பஸ்ஸுக்கு வந்தேன். மாமனார் ஊடு ஆத்தூருங்க, பொஞ்சாதியும் பையனும் அங்கதானுங்க. இந்த லைன்ல ஓட்டுனா தெனமும் ஊட்டுச் சோறு."

"எவ்வளவு நாளாக ஓட்டுகிறீர்கள்?"

"இன்னியோட மூணு நாளுங்க. நிலைச்சா நல்லாருக்கும்."

சாலையின் இரு புறமும் மரவள்ளி. ஆள் உயரத்துக்கு நின்ற செடிகளுக்கு நடுவே அங்கங்கே ஜவ்வரிசி ஆலைகள், களம் முழுக்க வெள்ளை வெளேரென்று காய்கிற ஜவ்வரிசி. தூரத்தில் பாக்குத் தோப்பு, அதற்கும் பின்னால் மலை. பச்சை வயலைத் தவிர வேறு எதுவும் பார்க்காத எனக்குக் கண் கொள்ளவில்லை. கழுத்தை வெளியே நீட்டாதீங்க என்று கண்டக்டர் இரண்டு தடவை சொல்லிவிட்டார்.

ஒன்பதரை மணி இருக்கும், பின் ஸீட்டிலிருந்து ஒரு குரல், "நரி, நரி."

இடப்பக்கத்து மரவள்ளிக்குள்ளிருந்து சாம்பல் நிறத்தில் ஒன்று வெளியே வந்தது. நாய்க்குட்டிக்குக் கொஞ்சம் பெரிது, வால் மட்டும் உடம்பளவு. அவ்வளவுதான், மொத்த பஸ்ஸும் இடப்பக்க ஜன்னலுக்குப் பாய்ந்தது. முகத்தை இந்தப் பக்கம் திருப்பு சாமி என்று ஒரு அம்மாள் நரியைக் கெஞ்சினாள். கண்டக்டர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நரி முகத்தில் விழித்தாயா என்று எங்கள் ஊரிலும் கேட்போம், வாய்ப்பேச்சோடு சரி. இந்தப் பக்கத்தில் அது பேச்சில்லை. பொங்கல் முடிந்த கையோடு நரியைப் பார்த்துவிட்டால் அந்த வருஷத்துக்குக் கவலை கிடையாது.

செல்லமுத்துவும் பார்த்தார். பார்த்தவர், ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்துத் தலைக்கு மேல் குவித்துக் கும்பிட்டார்.

குவித்த கை இறங்குவதற்குள் முன்னால் டப்பென்று ஒரு சத்தம். பஸ் சாலை ஓரத்து மண்ணில் இறங்கிப் பாதி சாய்ந்து நின்றது. குண்டும் குழியுமான சாலை, மாட்டு வண்டி வேகம்தான், அதனால் எங்களில் யாருக்கும் அடியில்லை. என் கணவர் தலையை மறுபுறம் சாய்த்துத் தூக்கத்தைத் தொடர்ந்தார்.

இறங்கி ஓடினோம். பள்ளத்தில் நரி ஒருக்களித்துக் கிடந்தது. நாக்கு வெளியே தொங்கியது. ரத்தம் இல்லை, அசைவும் இல்லை. செல்லமுத்து அதன் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் மரவள்ளியைப் பிளந்துகொண்டு இருபது பேர் வந்தார்கள், தோளில் வலையும் கையில் கம்புமாக. முன்னால் வந்தவர் பெயர் அய்யாவு என்று பிறகு தெரிந்தது. காணும் பொங்கலன்று நரியை வலைபோட்டு உயிரோடு பிடித்து, மாலை போட்டு, மேளத்தோடு மாரியம்மன் கோவிலுக்குக் கொண்டுவந்து ஊருக்கே முகம் காட்டி, திரும்பக் காட்டில் விட்டுவிடுவது அவர்கள் ஊர் வழக்கம். அது நடக்காமல் விதைக்கூடையைத் தொடமாட்டார்கள், கல்யாணம் பேசமாட்டார்கள். நரி பிடிப்பது சட்டப்படி கூடாதாம், அதனால், இதை எழுதப்போகிறேன் என்று நான் சொன்னதும், ஊர்ப் பெயரை எழுதாதீர்கள் என்று என்னிடம் கேட்டுக்கொண்டார்கள். எழுதவில்லை.

அய்யாவு நரியின் மூக்கருகே கை வைத்துப் பார்த்தார்.

"மூச்சு இல்ல," என்றார். "விடியறதுக்கு முன்னாடிலேர்ந்து வெரட்டிகினு வரோம். இன்னும் பத்தடி போயிருந்தா அந்தாண்ட கட்டின வலையில உழுந்திருக்கும். என்னாய்யா பண்ணிட்ட?"

"தெரிஞ்சு பண்ணலீங்க சாமி. கும்பிட்டனுங்க."

"வண்டிய ஓட்டிகினு இருக்கச்ச எவனாச்சும் கும்புடுவானா?"

"நரி மொகத்தப் பாத்தா கும்பிடோணும்னு எங்கம்மா சொல்லியிருக்குதுங்க. பொறந்ததுலேர்ந்து இன்னிக்குத்தானுங்க பாத்தேன்."

வேறு எதற்காகக் கையை எடுத்திருந்தாலும் அடித்திருப்பார்கள். இதற்கு என்ன சொல்லித் திட்டுவது என்று இருபது பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் ஒரு இளைஞன்தான், "நரி செத்துப்போச்சின்னா இந்த ரோட்டுல நீ வண்டி எடுத்தாரக்கூடாது. வந்தா மறிப்போம்," என்றான். யாரும் அவனை அடக்கவில்லை. செல்லமுத்துவின் முகம் செத்துவிட்டது. ஆத்தூரும், தினப்படி வீட்டுச் சோறும், மகனும் கை நழுவிப்போவதை அவர் முகத்தில் பார்த்தேன்.

திடீரென்று எழுந்தார். "வாழப்பாடில மாட்டு ஆஸ்பத்திரி இருக்குதுங்களே. பஸ்ஸுல ஏத்துங்க சாமி. எங்கயும் நிக்காம ஓட்டறேன்."

யாருக்கும் அதில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் ஏற்றினார்கள். வலையை மடித்து இன்ஜின் மூடிமேல் போட்டு, அதன்மேல் நரியைக் கிடத்தினார் அய்யாவு. கிடத்திவிட்டுக் கதவருகே படியில் நின்றுகொண்டார். மற்றவர்கள் பஸ்ஸைத் தள்ளிச் சாலைக்கு ஏற்றிவிட்டுப் பின்னால் ஏறினார்கள். நரிக்கு அரை டிக்கெட்டா, லக்கேஜா என்று கண்டக்டர் கேட்டதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை.

எனக்கு முன்னால், ஒரு முழத் தூரத்தில், நரியின் காது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். விரட்டி வந்தவர்களும் கும்பிடப் போகிறவர்கள், மோதியவரும் கும்பிட்டவர். இத்தனை பக்தியிலிருந்து இது எங்கே ஓடித் தப்பியிருக்க முடியும் என்று நினைத்தபோது, காது ஒரு தடவை துடித்தது.

ஈ உட்கார்ந்திருக்கும் என்று நினைத்தேன். ஈ இல்லை.

"டிரைவர்," என்றேன். அதற்குள் பஸ் அய்யாவுவின் ஊருக்குள் நுழைந்துவிட்டது. மாரியம்மன் கோவில் சாலை ஓரத்திலேயே இருக்கிறது. வாசலில் ஊரே கூடியிருந்தது. நடந்தது எதுவும் அவர்களுக்குத் தெரியாது. படியில் அய்யாவு நிற்பதைக் கண்டதும், இந்த வருஷம் நரி பஸ்ஸில் வருகிறது என்று நினைத்து மேளத்தை முழக்கிவிட்டார்கள். அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை.

நரி எழுந்து உட்கார்ந்தது. அத்தனை நேரமும் செத்ததுபோல் நடித்திருக்கிறது, திருட்டுப் பயல். செல்லமுத்து அதைப் பார்த்தார். இந்தத் தடவை கை ஸ்டியரிங்கை விடவில்லை, கால் பிரேக்கை மிதித்தது. எல்லோரும் முன்னால் போய் விழுந்தோம். என் கணவர் அப்போதுதான் விழித்தார். மூக்குக்கு எதிரே நரி மூக்கு.

அவர் கத்தியது மேளத்தையும் மீறிக் கேட்டது. நரி அவர் மடியில் ஒரு கால் வைத்து, அய்யாவு தோளில் ஒரு கால் வைத்து வெளியே பாய்ந்தது. வலையை எடுத்து வீசினார் அய்யாவு. வலையில் கண்டக்டர் விழுந்தார். நரி கோவில் வாசலில் ஒரு நொடி நின்றது, எந்தப் பக்கம் என்று தெரியாமல். கூட்டம் தானாக விலகியது. சிறுசு பெருசு அத்தனை பேரும் அதன் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு அது மரவள்ளிக்குள் போய்விட்டது. போகிற போக்கில் ஒரு கால் கூட நொண்டவில்லை.

நானும் மற்றவர்களோடு சேர்ந்து கத்தினேன், குதித்தேன். முப்பத்தாறு வயதுக்காரி என்பதெல்லாம் ஞாபகம் வரவில்லை.

மாலை போடவில்லையே, சுற்றி வரவில்லையே, இது கணக்கில் சேருமா என்று இருவர் ஆரம்பித்தார்கள். அய்யாவு கையை நீட்டி நிறுத்தினார். "அம்மன் பாத்துது. ஊரு பாத்துது. உசுரோட காட்டுக்கும் போயிடுச்சி. இன்னும் என்னா வேணும் உங்களுக்கு?"

நரிக்காகக் கட்டிய சாமந்தி மாலை மிச்சமிருந்தது. அதைச் செல்லமுத்து கழுத்தில் போட வந்தார்கள். அவர் அழுதுகொண்டே மறுத்துவிட்டு, பஸ்ஸின் முன்கண்ணாடிக்கு மேலே கட்டச் சொன்னார். வண்டியை மறிப்போம் என்ற இளைஞன்தான் மேலே ஏறிக் கட்டினான். எங்கள் எல்லோருக்கும் பொங்கலும் கரும்பும் கொடுத்துத்தான் அனுப்பினார்கள். தம்மம்பட்டி போய்ச் சேர மத்தியானம் ஒன்றரை மணி ஆகிவிட்டது.

மூன்று நாள் கழித்து ஊருக்குத் திரும்பும்போது துறையூர் வழியாகப் போகலாம் என்றார் என் கணவர். சேலத்துக்குப் பக்கத்து இளம்பிள்ளையில் சேலை எடுக்கவேண்டும், சேலம் வழிதான் என்று நான் சாதித்தேன். சேலை ஒரு சாக்கு. செல்லமுத்து அதே பஸ்ஸில் இருக்கிறாரா என்று எனக்குத் தெரிந்தாகவேண்டும்.

இருந்தார். கண்ணாடிக்கு மேலே மாலை வாடிக்கிடந்தது, அவிழ்க்க மனமில்லையாம். அந்த ஊர் வாசலில் அய்யாவு கை காட்டி நிறுத்தி, ஒரு பை மரவள்ளிக் கிழங்கை செல்லமுத்துவின் காலடியில் வைத்துவிட்டுப் போனார். எங்கள் மன்னார்குடிச் சாலையில் வாத்துக் கூட்டம் குறுக்கே வந்தால் டிரைவர் ஹாரன் அடிப்பார், வாத்து மேய்க்கிறவரைத் திட்டுவார், அதோடு முடிந்தது. சாலையில் குறுக்கே வரும் பிராணிக்கும் ஒரு டிரைவரின் வீட்டுச் சோற்றுக்கும் இத்தனை சம்பந்தம் இருக்கும் என்று நான் எங்கே கண்டேன்.

நரி அடிபட்ட இடம் வந்தது. திரும்புகிற வழி என்பதால் எல்லோரும் வலப்பக்க ஜன்னலுக்கு நகர்ந்தார்கள். என் கணவர் முதல் ஆளாக நகர்ந்தார். செல்லமுத்து இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து, நேரே பார்த்தபடி என்னிடம் சொன்னார்.

"அம்மிணி, நரி வந்தா எனக்குஞ் சேத்து நீங்களே கும்பிட்டுக்குங்க. நான் பிரேக்க மிதிக்கறேன்."