தங்கப் பக்கத்தில் வைத்த பொட்டு

என் மனைவியின் பூத்தையல் மெஷின் எங்கள் வீட்டுப் பழைய கணினி சொன்னால்தான் கேட்கும். புதுக் கணினிகளில் அதன் வயரைச் செருக இடமில்லை. அந்தக் கணினியின் ப்ராசசர் செத்தது செவ்வாய்க்கிழமை. ஹுத்தான் மெலிந்தாங் ஊரின் கல்யாணப் பெண்ணுக்குப் பூப்போட்ட ரவிக்கை ஞாயிறு காலை போய்ச் சேர வேண்டும்.

மலிவு ப்ராசசர்களின் வரலாறு எனக்கு மனப்பாடம். முதலில் நல்ல ப்ராசசர் சில்லை முடமாக்கி, வேறு பெயர் வைத்து விற்றார்கள். பிறகு போட்டிக் கம்பெனி, பழைய போர்டிலேயே உட்காரும் சில்லு என்று ஆசை காட்டியது. கடைசியில், அலுவலக சர்வர்களிலிருந்து கழித்த சில்லுகள் சீனாவிலிருந்து வந்தன. அடிப்பக்கம் நகத்துணுக்கு அளவில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினால் பழைய போர்டு ஏமாந்து ஏற்றுக்கொள்ளும். ஓய்வூதியக்காரர்களுக்கென்றே யோசித்த தில்லுமுல்லு.

ஈப்போ கடைக்காரர் அப்படி ஒன்றை வெள்ளியன்று கொடுத்தார். "அடியில கை படக்கூடாது அங்கிள். ஸ்டிக்கர் நவுந்தா அவ்ளோதான் லா. இதான் கடைசி பீஸ்."

வீட்டில் பெட்டியைத் திறந்து, திருகுகளைத் தட்டில் வரிசையாக வைத்து, முறைப்படி தயாராகித் திரும்பினேன். சில்லைக் காணோம். சாமி மேடையில் இருந்தது. காரோ குக்கரோ, இந்த வீட்டுக்குப் புதிதாக வரும் எதற்கும் பொட்டு உண்டு. மங்கலான பக்கத்தை முதுகென்று நினைத்து, ஸ்டிக்கர் ஒட்டிய அடிப்பக்கத்தில், மினுங்கும் தங்கப் புள்ளிகளின் மேல் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தாள் மனைவி.

"இதுல போயி பொட்டு வெப்பாங்களா?"

"வெள்ளிக்கெழம வந்த சாமான், சும்மாவா மாட்டுறது? ஊருக்கெல்லாம் முறை சொல்றீங்க, இத சொல்லலியே."

துடைத்தால் ஸ்டிக்கர் போகும்; துடைக்காவிட்டால் மின்சாரம் போகாது. பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்தேன். சந்தனம் வந்தது. ஸ்டிக்கரும் வந்தது. திரும்ப ஒட்டி மாட்டினேன். விசிறி சுற்றியது, திரை கறுப்பாகவே இருந்தது.

கடைக்குப் போன் செய்தேன். "பொட்டா?" என்று இன்னொரு தடவை கேட்டார். "அடுத்த மாசந்தான் வரும் அங்கிள்."

சனிக்கிழமை அவள் துணியில் சாக் பீஸால் வரைந்து, கையாலேயே பூப்போட உட்கார்ந்தாள். "நிக்காதீங்க. ஊசியில நூலாச்சும் கோத்துக் குடுங்க."

கண்ணாடியைத் துடைத்தேன், நூல் முனையை நனைத்தேன், வெளிச்சத்தைப் பார்த்து உட்கார்ந்தேன். இதற்கும் முறை தெரியும். நூல்தான் ஊசிக்காதுக்குப் பக்கத்திலேயே போய் வந்தது.

மாலையில் கல்யாண வீட்டிலிருந்து போன். "ரவிக்கையில ஒரு கை முடிஞ்சிருச்சுக்கா," என்று சொல்லிக்கொண்டே, ஊசிக்காக என் பக்கம் கையை நீட்டினாள். துணியில் ஒரு தையலும் விழவில்லை; ஊசி இன்னும் வெறுமையாகத்தான் இருந்தது.