ஐஸ் வராத ஃபிரிட்ஜ்

எங்கள் வீட்டில் எது கெட்டாலும் நான்தான் கழற்றுவேன். மிக்சி, மோட்டார் ஸ்டார்ட்டர், பக்கத்து வீட்டு ஃபேன், எதுவானாலும் சரி. திரும்ப மாட்டும்போது இரண்டு ஸ்க்ரூ மிஞ்சும் என்று என் மனைவி கேலி செய்வாள். மிஞ்சினால் என்ன, ஓடுகிறதல்லவா என்பேன். கடத்தூரில் மெக்கானிக்கை வீட்டு வாசற்படி ஏற விடாத ஒரே ஆள் நான்தான் என்று எனக்கு ஒரு நினைப்பு.

பெங்களூரில் இருக்கும் மகள் சின்ன வீட்டுக்கு மாறியபோது தன்னுடைய இரட்டைக் கதவு ஃபிரிட்ஜை எங்களுக்கு அனுப்பிவிட்டாள். கதவிலேயே ஒரு மாடம் மாதிரி இருக்கும். அதில் டம்ளரை வைத்து அழுத்தினால் ஐஸ் கட்டி கடகடவென்று விழும். இரண்டு பேர் இருக்கிற வீட்டுக்கு எதற்கு இந்தப் பவிசு என்று எரிச்சல்பட்டேன். ஆனால் மகள் அதை அம்மாவுக்காகத்தான் அனுப்பியிருந்தாள். என் மனைவிக்கு சிறுநீரகம் பழுதாகி, வாரம் இருமுறை தர்மபுரிக்கு பஸ் ஏறிப் போய் டயாலிசிஸ் செய்துகொள்கிறாள். தண்ணீர் அளவாகத்தான் குடிக்க வேண்டும். மீறினால் கால் வீங்கும், மூச்சு வாங்கும். ஒருமுறை அப்படி ஆகி ஆம்புலன்ஸில் போனோம். நாக்கு வறண்டால் ஒரு ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொள்ளலாம், ஆனால் அதுவும் தண்ணீர்க் கணக்கில் சேர்த்திதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அவள் பார்க்கத் தண்ணீர் குடிக்க எனக்கு மனம் வராது. துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு குடம் வைத்திருந்தேன். தாகம் எடுத்தால் பின்பக்கம் போய்க் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வருவேன்.

போன பங்குனியில் வெயில் மண்டையைப் பிளந்தது. இரண்டு நாளாகக் கடகட சத்தமே கேட்கவில்லையே என்று அவளிடம் கேட்டேன்.

"அது வேல செய்யலைங்க. வுடுங்க, போவட்டும்" என்றாள்.

விடுகிற ஆளா நான்? தண்ணீர் ஊற்றும் டப்பாவைப் பார்த்தேன், நிறைய இருந்தது. ஐஸ் சேரும் பெட்டியை உருவினேன். கரண்ட் போய்ப் போய் வந்ததில் கட்டிகள் உருகி, மறுபடி உறைந்து ஒரே பாறையாகியிருந்தன. ஆகா, கண்டுபிடித்துவிட்டேன் என்று அதை உடைத்துக் கொட்டி, பெட்டியை வெந்நீரில் கழுவித் துடைத்து மாட்டினேன். புது ஐஸ் சேர்ந்த பிறகு அழுத்தினால், மோட்டார் முனகக்கூட இல்லை. வேறு வழியில்லாமல் மகளை வீடியோ காலில் கூப்பிட்டேன்.

"அப்பா, கதவுல பூட்டுப் படம் எரியுதா பாருங்க. கொழந்தைங்க கைய வெக்காம இருக்கறதுக்கு அது. வெரல எடுக்காம அழுத்திப் பிடிங்க, அணைஞ்சிரும்."

பிடித்தேன், அணைந்தது. டம்ளரை வைத்தேன், ஐஸ் கொட்டியது. வெற்றி வீரனாக மனைவியிடம் நீட்டினேன். அவள் ஒரே ஒரு கட்டியை எடுத்துக்கொண்டு, மீதியைத் தொட்டியில் கவிழ்த்தாள்.

மறுநாள் பூட்டு மறுபடி எரிந்தது. துடைக்கும்போது என் கை பட்டிருக்கும் என்று அணைத்தேன். மத்தியானம் பார்த்தால் மறுபடியும் எரிகிறது. கதவையே கழற்றிப் பார்த்துவிடுவது என்று ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டேன். பின்பக்கம் போய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு உள்ளே வந்தபோது, அவள் டம்ளரோடு ஃபிரிட்ஜ் முன்னால் நின்றிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. பூட்டுப் படத்தின்மேல் விரலை வைத்தாள். விளக்கு அணைவதற்குள் வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். மறுபடி வைத்தாள், மறுபடி எடுத்தாள். பிறகு டம்ளரை அலமாரியில் கவிழ்த்துவிட்டு, முந்தானையால் உதட்டைத் துடைத்துக்கொண்டே போய்க் கட்டிலில் படுத்துவிட்டாள்.

பூட்டைப் போட்டதே அவள்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஐஸ் விழ டம்ளரை ஒருமுறை அழுத்தினால் போதும். பூட்டைத் திறக்க விரலை வைத்துக் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புக்குள் அவள் தன்னைத் தானே இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அதைத்தான் நான் பெரிய இவன் மாதிரி ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னிடம் சொல்லியிருந்தால் அவள் குடிக்கும் தண்ணீர் பாட்டிலை நான் பிடுங்கி வைத்துக்கொண்டு அளந்து அளந்து கொடுத்திருப்பேன். என் குணம் அவளுக்குத் தெரியும். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஸ்க்ரூடிரைவரைச் சத்தமில்லாமல் பெட்டியில் வைத்தேன்.

சாயங்காலம் மகள் கூப்பிட்டாள். "ஐஸ் வருதாப்பா?"

"இல்ல கண்ணு. உள்ள போர்டு போயிருச்சாட்டம் இருக்குது. நம்ம கைக்கு அடங்கல."

"மெக்கானிக்க வரச் சொல்லுங்கப்பா."

"வேணாம் கண்ணு. ஐஸ் இல்லன்னா ஒண்ணும் குடி முழுகிடாது."

கட்டிலில் இருந்தவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு போன் பக்கம் திரும்பி, "ஊரு வூட்டு மிக்சியெல்லாம் கழட்டி மாட்டுவாரு உங்கப்பா. இதுல மண்ணக் கவ்விட்டாரு" என்றாள். மகள் சிரித்தாள்.

போனை வைத்ததும் அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"பின்னாடி போயி ஒளிஞ்சி ஒளிஞ்சி குடிக்க வேணாங்க. இங்கியே உக்காந்து குடிங்க" என்றாள்.

நான் குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.